குப்பைக் கரண்ட்

மட்டக்களப்புக்கே கரண்ட் கொடுத்த குடும்பம் எங்களுடையது. சரி, பொய். கல்லடிச் சந்தைக்குப் பின்னால் தொங்கிய ஒரேயொரு பல்புக்குத்தான். அதுவும் எந்நாளும் எரியாது.

சந்தைக் கழிவைத் தொட்டியில் புளிக்கவைத்து, வருகிற வாயுவில் ஒரு சின்ன எஞ்சினை ஓட்டிக் கரண்ட் எடுப்பது ஏதோ ஒரு திட்டம். தொட்டிக்குப் பொறுப்பு மாமா, அம்மாவின் தம்பி. மீன் குடல் விழுந்தால் தொட்டி உறுமும். மாமாவும் நெஞ்சை நிமிர்த்துவார்.

திட்டத்துப் பெரியவர் பார்க்க வருவதாகச் சொன்னது மாமாங்கக் கோயில் திருவிழா நேரம். ஊரே மரக்கறிச் சாப்பாடு; மீன் கடைகள் பூட்டு. தொட்டியும் விரதம் பிடித்துக்கொண்டது. பல்பு எரியாவிட்டால் திட்டத்தை மூடுவார்கள், தம்பி கட்டாருக்கு வேலைக்குப் போய்விடுவான் என்று அம்மா அடுப்படியில் அழுதார். மாமா போய்விட்டால் பள்ளிக்கூடத்துக்கு ஒளித்து நான் எங்கே இருப்பது? அந்தத் தொட்டியின் பின்புறம்தான் என் வகுப்பறை.

பெரியவர் வரும் காலையில், மாமா பக்கத்து மா அரைக்கும் மில்லின் சுவரிலிருந்து தொட்டிவரை வயர் இழுத்து, ஓலை போட்டு மூடினார்.

"மில்லுக்கும் நாமளா கரண்ட் குடுக்கிறம், மாமா?"

"ஓம் மனே. வாயத் திறந்திராத."

பெரியவர் வந்தார். பல்பு எரிந்தது. மில் போட்ட இரைச்சலில் எங்கள் எஞ்சின் சத்தமே கேட்கவில்லை. அவர் தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே பல்பு அணைந்தது. அதே நொடியில் மில்லும் நின்றது.

"என்ன, எல்லாம் ஒண்டா நிண்டுட்டு?" என்று கேட்டார் பெரியவர்.

மாமாவின் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. பார்க்கப் பொறுக்காமல் நான் முன்னால் பாய்ந்தேன்.

"சேர், மில்லும் எங்கட குப்பைக் கரண்ட்லதான் ஓடுது! இந்தா வயர், பாருங்க!" ஓலையைத் தூக்கிக் காட்டினேன்.

பெரியவர் வயரைப் பார்த்தார். மில்லைப் பார்த்தார். மாமாவை நெடுநேரம் பார்த்தார்.

"தம்பி கெட்டிக்காரன்," என்றார் என்னைப் பார்த்து.

மாமா என் தோளை இறுக்கிப் பிடித்தார். பாராட்டுகிறார் என்று நினைத்து, இன்னொருமுறை சத்தமாகச் சொன்னேன்.

சேரே மெச்சிய பிறகும் மாமா ஏன் கட்டாருக்குப் போகவேண்டும் என்று எனக்கு விளங்கவேயில்லை. பயணம் சொல்ல வந்தவரிடம், "அங்கயும் மில்லுக்குக் கரண்ட் குடுக்கவா போறீங்க?" என்று கேட்டேன். மாமா சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து, சுவர்ப் பக்கம் திரும்பி...

"இஞ்ச வாங்களன்! எவ்வளவு நேரமாக் கூப்பிடுறன்!"

பொறுங்கள், என் மனைவி கூப்பிடுகிறாள்.