தண்டவாளம் இல்லாத ஊரில் ரயில்

ரயிலே வராத சீமையில் ரயில் செய்து பிழைக்கப் பார்த்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். பாலம், கட்டடம் என்று எதையாவது மரத்தில் சின்னதாகச் செய்து கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் இருந்தால், என்னோடு சேர்ந்து தலையில் கை வைத்துக்கொள்ளுங்கள்.

அடிக்குக் கால் அங்குலம்

ரயில் கேட்டு மனுக் கொடுக்கத் தக்கலையில் ஒரு கமிட்டி போட்டார்கள். பெரிய வயல்காரரான தாணு பிள்ளை முதல் கையெழுத்துப் போட்டால்தான் மற்றவர்கள் போடுவார்கள். பாதை வருவதும் அவர் வயல் வழியாகத்தான். அவரோ ஜென்மத்தில் ரயிலைக் கண்டதில்லை. அவருக்குக் காட்ட ஒரு ரயில் செய்யச் சொன்னார்கள்.

நிஜத்தில் ஒரு அடி என்றால் என் மரத்தில் கால் அங்குலம். ஆறடி ஆள் ஒன்றரை அங்குலம்தான் வருவான். முதல் ஆளைக் கையில் வாங்கிய கமிட்டிச் செயலாளர் ஆசீர்வாதம் வாத்தியாருக்கு முகம் வெளுத்துவிட்டது. "இத்துனூண்டு ஆளக் காட்டியா மக்கா பிள்ளைகிட்ட கையெழுத்து வாங்கணும்?"

கொடி பிடிப்பவன்

பிள்ளையைக் குளிரவைக்க அவரையே ஒரு பொம்மையாகச் செதுக்கி, ஸ்டேஷனில் கொடி பிடிப்பவன் பக்கத்தில் நிறுத்தினேன். பட்டறைக்கு வந்தவர் குனிந்து பார்த்தார். நகத்தை வைத்து இரண்டு பேரையும் அளந்தார்.

"தேருல பாத்திருக்கேல்லா? சாமி பெருசு, சாமரம் வீசுதவன் சிறுசு. இங்க எனக்கும் கொடி பிடிக்கவனுக்கும் ஒரே ஒசரமா?"

வேட்டிக் கரை

அவரை உயர்த்தினால் பெட்டியின் கதவு அவர் இடுப்புக்குத்தான் வரும். அதனால் முதல் வகுப்பு ஜன்னலில் தனியாக உட்கார வைக்கிறேன் என்று சமாதானம் சொன்னேன். உட்கார வைத்தால் கால் இடித்தது. ஜன்னலுக்குக் கீழே வெளியே தெரியாதே என்று, இந்தத் தொழிலில் வழக்கமாகச் செய்வதைப் போல, எல்லாப் பயணிகளையும் இடுப்போடு அறுத்து ஒட்டிவிட்டேன்.

பள்ளிக்கூட ஹாலில் ஊரே கூடியிருந்தது. ஜன்னலில் தன் முகத்தைப் பார்த்துப் பிள்ளைக்கு வாயெல்லாம் பல். வாத்தியார் பேனாவைத் திறந்து நீட்டினார். பிள்ளை பேனாவை வாங்கிக்கொண்டே, "வேட்டிக்குக் கரை போட்டிருக்கியா?" என்று பெட்டியின் கூரையைத் தூக்கிவிட்டார். நான் கை நீட்டுவதற்குள் எல்லாம் முடிந்துபோனது. உள்ளே இருந்த அத்தனை பேருக்கும் பாதி உடம்புதான். பிள்ளை தன் முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பேனாவை மூடி வாத்தியார் கையில் கொடுத்தார்.

"ஆள இடுப்போட அறுத்துத்தான் ஏத்தணும்னா, அந்த வண்டி என் வயலு வழியா வரண்டாம், கேட்டியா."

நம்ம பக்கம் ஏன் இன்னும் ரயில் வரவில்லை என்று நாகர்கோவில் பஸ்ஸில் யாராவது பேச்செடுத்தால், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.