ஈஸ்வரி அக்காவைத் தசராவுக்குக் கூட்டிப்போனது

திராட்சைக் கொடிக்கு அடிக்கும் மருந்தின் நெடி போக வேண்டுமென்று அப்பா அன்று காலையில் இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்திருந்தார். அப்படியும் அவர் வேனுக்குள் ஏறியதும், தூக்குவாளியிலிருந்த புளிச்சோற்றின் மணத்தையும் அம்மாவின் தலைப்பூவையும் மீறி அந்த நெடிதான் வண்டி முழுவதும் நிறைந்தது. ஓடைப்பட்டியில் எங்கள் தெருவிலிருந்து அதுவரை யாரும் மைசூர் தசராவுக்குப் போனதில்லை. "ராசா அரமனைக்கு லைட்டுப் போடுவாக, யானை மேல தங்கத்துல அம்மன் வரும்" என்று பெரியப்பா சொன்ன நாளிலிருந்து, ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ஈஸ்வரி அக்காவுக்கும் ஆசைதான். அவள் பன்னிரண்டாம் வகுப்பு. காலாண்டுத் தேர்வு முடிந்திருந்தது. நர்சுக்குப் படிக்க வேண்டுமென்று மதுரையில் எந்தக் கல்லூரி, எங்கே விடுதி என்பதுவரை டீச்சரிடம் கேட்டு வைத்திருந்தாள். விடுமுறைக்கு ஊர் சுற்றப் போகிறோம் என்று நம்பி, விலங்கியல் புத்தகத்தையும் பையில் எடுத்துக்கொண்டாள்.

ஊர் சுற்றப் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, பெட்டியின் அடியில் அம்மா ஒரு புதுப் பட்டுப்புடவையை வைத்து, அதன்மேல் என் பாவாடைகளை அடுக்கியதைப் பார்த்துவிட்டேன். அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"மைசூர்ல நம்ம பழம் வாங்குற மண்டிக்காரவுக மகனுக்கு அக்காவப் பாக்குறாக. அவகிட்ட வாயத் தொறந்துறாத. தெரிஞ்சா வண்டியில ஏற மாட்டா. அவ ஏறலைன்னா யாரும் போகல. ஒனக்கு யானையும் இல்ல, ஒண்ணும் இல்ல, ஆமா."

நான் தலையாட்டினேன். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. யானைக்காகத்தான் தலையாட்டினேன்.

வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், தாராபுரம் என்று ஊர் ஊராகப் பெயர்ப்பலகைகளை எனக்கு வாசித்துக் காட்டிக்கொண்டே வந்தாள் அக்கா. சத்தியமங்கலம் தாண்டி திம்பம் மலையில் வண்டி ஏறத் தொடங்கியதும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஒரு வளைவில் டிரைவர் ஓரங்கட்டினார். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளேயே இருக்க, அக்கா மட்டும் இறங்கி வந்து என் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள். வாய் கொப்பளிக்கத் தண்ணீர் ஊற்றினாள். தன் தாவணி முனையாலேயே என் முகத்தைத் துடைத்தாள்.

"ஏன்டி, காலையில இருந்தே ஒரு மாதிரியா இருக்க? எங்கிட்டச் சொல்லு."

வண்டிக்குள்ளிருந்து அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்லக்கா. மலை ஏறுனதுல தலை சுத்துது."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். மலை அடிவாரத்தில் பஸ் இருந்தது, அவளுக்குத் துணிச்சலும் இருந்தது.

மைசூரில் ஒரு சந்துக்குள் இருந்த மண்டிக்காரர்களின் மாடிவீட்டில் எங்களை இறக்கினார்கள். காப்பி வந்தது. பின்னறையில் அம்மா பெட்டியைத் திறந்து, என் பாவாடைகளை ஒதுக்கிவிட்டு, பட்டுப்புடவையை வெளியே எடுத்தாள். அக்கா புடவையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஒனக்கும் தெரியுமா?"

நான் தரையைப் பார்த்தேன். அவள் அழவில்லை. "நான் பரிச்சை எழுதணும்மா" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். "எழுதிக்கலாம்த்தா, அவுக ஒண்ணும் வேணாங்க மாட்டாக" என்றபடி, எங்களோடு வேனில் வந்திருந்த பெரியம்மா அவள் கொசுவத்தைச் சொருகத் தொடங்கினாள். கூடத்தில் அப்பா, "பிள்ளை எங்க பேச்சைத் தட்ட மாட்டா" என்று யாரிடமோ சிரித்தபடி சொல்வது கேட்டது. அக்காவுக்குப் பதினெட்டு முடிய இன்னும் எட்டு மாதம் இருந்தது.

சாயங்காலம் எல்லோரையும் அரண்மனைக்குக் கூட்டிப்போனார்கள். ஒரே நொடியில் அத்தனை விளக்குகளும் எரிந்தபோது கூட்டம் முழுவதும் "ஓ"வென்று கத்தியது, நானும் கத்தினேன். மறுநாள் ஊர்வலத்தில், பட்டு போர்த்தி முகத்தில் கோலமிட்ட யானைகளைக் கண்ணெடுக்காமல் பார்த்தேன், வாழ்க்கையிலேயே அவ்வளவு மகிழ்ந்ததில்லை என்பதுபோல. குற்றவுணர்ச்சியோடு பார்த்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அது பொய். எனக்குப் பின்னால் அக்கா ஊர்வலத்துக்கு முதுகைக் காட்டி நின்றிருந்ததை, தங்க அம்பாரியில் அம்மன் கடந்து போன பிறகுதான் கவனித்தேன்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. மார்ச்சில் பரீட்சை நடந்தபோது, அக்கா மண்டிக்காரர்கள் வீட்டில் பதினொரு பேருக்குச் சமைத்துக்கொண்டிருந்தாள். நான் கல்லூரிக்குப் போகக் கேட்டபோது அப்பா மறுக்கவில்லை. "ஒருத்திய அழ வச்சது போதும்" என்றார். அக்கா அழுத அழுகையில்தான் நான் படித்தேன்; இன்று தேனியில் ஒரு பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன்.

போன ஆண்டு தசராவுக்கு நானே பஸ் ஏறி மைசூர் போனேன். அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. அத்தான் நல்ல மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. பையன்கள் கன்னடத்தில் பேசிச் சிரிக்கிறார்கள். அக்காவும் அதில்தான் அவர்களை அதட்டுகிறாள். எங்கள் பக்கத்து "வந்தாக, போனாக" அவள் வாயிலிருந்து அடியோடு போய்விட்டது. என்னை "வாங்க, சாப்பிடுங்க" என்கிறாள்.

அடுப்படியில் அவளருகே நின்று, முப்பது வருடமாகச் சுமந்ததைச் சொன்னேன். "அன்னைக்கு மலையில நான் சொல்லியிருக்கணும்க்கா. சின்னப் பிள்ளை, தெரியாமப் பண்ணிட்டேன்."

சின்னப் பிள்ளைதானே, விடு என்பாள் என்றுதான் அவ்வளவு தூரம் போயிருந்தேன்.

அக்கா கேஸைக் குறைத்து வைத்தாள்.

"சொல்லியிருந்தீங்கன்னா நான் அங்கேயே இறங்கிப் போயிருப்பேன்" என்றாள். பிறகு, ஊர்வலம் தொடங்க நேரமாகிவிட்டது, கூட்டம் சேருவதற்குள் கிளம்புங்கள் என்று சொல்லி, என் கையில் ஒரு தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.