தாமல் ஏரி யுத்தமும் அருள்மேரியும்

பள்ளியில் மதிய இடைவேளை. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து வறளர்களின் கப்பல் ஒன்றைக் கொளுத்திக்கொண்டிருந்தேன். உள்ளே நாற்பது பேர். கதவு திறக்காமல் அவர்கள் நகத்தால் இரும்பைப் பிறாண்டுகிற இடம் வரை எழுதியிருந்தேன். அப்போதுதான் தேவதாஸ் அண்ணனின் போன் வந்தது. "சார், பாப்பா பூட்ச்சு சார். கடையில நின்னுக்கினே இருந்துச்சாம், அப்டியே சாஞ்சிடுச்சாம்." நாற்பது வயதைத் தாண்டிய தங்கை அருள்மேரியை அவர் கடைசிவரை பாப்பா என்றுதான் கூப்பிட்டார். போனை வைத்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், எழுதியதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்வருகிற உங்களில் பலருக்கு அருள்மேரியை ஜெராக்ஸ் கடை அக்காவாகத் தெரியும். தாலுகா ஆபீஸ் மனு, கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர் எல்லாம் அவர் கையால்தான். அதே கம்ப்யூட்டரில் ஏழு வருடமாக ஒரு போரையும் அவர் வரைந்துவந்தது பாதிப் பேருக்குத் தெரியாது. சென்னையிலிருந்து வரும் ஒரு சிறுவர் மாத இதழில் நான்கு பக்கப் படக்கதை, 'தாமல் ஏரி யுத்தம்'. கதை என்னுடையது, படம் அவருடையது. தண்ணீர் வற்றிப்போன ஒரு கோளிலிருந்து வறளர்கள் என்ற வேற்றுக்கோள்வாசிகள் தாமல் ஏரியில் வந்து இறங்குகிறார்கள். கதிர் என்ற சிறுவனும் அவன் கூட்டாளிகளும் உண்டிவில், கடப்பாரை, டிராக்டர் என்று கையில் கிடைத்ததைக் கொண்டு அவர்களைத் துவம்சம் செய்கிறார்கள். இதழுக்குக் குழந்தைகள் எழுதும் கடிதங்களில் பெரும்பாலும் ஒரே கோரிக்கைதான்: இன்னும் நிறையப் பேரைக் கொல்லுங்கள் அங்கிள்.

கொல்வதில் எனக்குத் தயக்கமே இருந்ததில்லை. அருள்மேரிதான் பாடாய்ப் படுத்துவார். ஒரு வறளன் மண்டையில் கடப்பாரை இறங்குகிறது என்று ஒரே வரியில் எழுதிவிடுவேன். அவர் கடையைச் சாத்திவிட்டு என்னைப் பின்னால் இருக்கும் காலி மனைக்குக் கூட்டிப்போய் விழச் சொல்வார். நானும் இந்தத் தொந்தியோடு விழுவேன். "அப்டி இல்ல சார், அடி பட்டவன் கைய ஊனமாட்டான், தலையப் புடிப்பான். இன்னொரு வாட்டி வுழுங்க" என்பார். டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். "அடி வாங்கறவன் மூஞ்ச மொதல்ல போட்டுடணும் சார், அடிக்கிறவன் கை தன்னால வந்துடும்" என்பது அருள்மேரி அடிக்கடி சொல்வது.

செத்தவர் செத்தவர்தான் என்பதிலும் பிடிவாதம். கதிரின் தோழி பொன்னியை வறளர்கள் கழுத்தை நெரித்துக் கொன்ற மாதம், இதழ் அலுவலகத்துக்கு அழுகைக் கடிதங்களாக வந்து குவிந்தன. பயந்துபோய் ஒரு பச்சிலைச் சாறு கொடுத்து அவளை எழுப்பிவிட்டேன். படம் வந்தபோது சாற்றுக் கிண்ணம் இருந்தது, பொன்னியின் அம்மா அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பொன்னி எழுந்திருக்கவில்லை. போனில் சண்டை போட்டேன். "எழுந்துக்கும்னா அப்புறம் யாரு சார் அடிக்கறதுக்கு பயப்படுவான்?" என்றார். அந்த மாதம் அப்படியேதான் அச்சானது.

இனி எழுதப்போவதற்காகத்தான் இந்த அஞ்சலியை எழுத ஒப்புக்கொண்டேன்.

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு மாதக் கதையில் வறளர்கள் சண்டைக்கு வரவில்லை. பெண்களும் பிள்ளைகளுமாக, தாகம் தாங்காமல், குடங்களோடு ஒரு பம்ப்செட் தொட்டிக்கு வருகிறார்கள். கதிர் மோட்டார் கொட்டகையின் கூரை மேல் ஏறிக் கல்லெறிகிறான். ஒரு வறளர் சிறுவன் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். கூட்டம் சிதறி ஓடுகிறது. வெற்றி! எங்கிருந்து வந்தது என்று யோசிக்காமலே, ஒரே மூச்சில் எழுதிய காட்சி அது. அருள்மேரி படித்துவிட்டுச் சிரித்தார். "இன்னா சார், தண்ணி மொள்ள வந்தவன கல்லால அடிக்கிறானே, இவனா உங்க ஹீரோ?" என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "எங்க அண்ணனுக்கு எடது காது கேக்காது, தெரியுமா? இப்டிதான், பம்ப்செட்டுலதான்" என்றார்.

அந்தப் பம்ப்செட் எங்களுடையது. காவாந்தண்டலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அவர்கள் காலனி, நாங்கள் ஊர்த்தெரு. என் சிறுவயதில் ஒரு கோடையில் காலனி அடிபம்பு கெட்டுப்போய், அவர்கள் எங்கள் பம்ப்செட்டுக்குக் குடத்தோடு வந்தார்கள். என் அப்பா உருட்டுக்கட்டையோடு போனார். சித்தப்பா கையில் மண்வெட்டிக் காம்பு. ஒரு பெண்ணின் முழங்கை ஒடிந்த சத்தம் கூரை வரை கேட்டது. ஒரு கிழவரைத் தொட்டிக்குள் அமுக்கிப் பிடித்திருந்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் சிவப்பாகத்தான் வயலுக்குப் போனது. கூரை மேல் நான், பதிமூன்று வயது, மடியில் கற்கள். ஒரு பையன் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "குறி தப்பலடா!" என்று சித்தப்பா முதுகில் தட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையைத்தான் இத்தனை வருடம் கழித்துக் கதிருக்குக் கொடுத்திருக்கிறேன்.

அன்று சொல்லியிருக்க வேண்டும். "கதைய மாத்திடலாம்" என்று மட்டும் சொன்னேன். "வேணாம் சார், இருக்கட்டும்" என்றார். எழுதியதில் ஒரு வரிகூட மாற்றாமல், நான்கு பக்கத்தையும் கீழே நிற்கிறவர்கள் பக்கமிருந்து வரைந்திருந்தார். நசுங்கிய குடங்கள், உடைந்த பற்கள், காதிலிருந்து விரல் இடுக்கு வழியாக வழியும் ரத்தம். கதிர் கூரை மேல் மிகச் சின்னதாகத் தெரிந்தான். பெருநகர் கிராமத்திலிருந்து ஒரு சிறுமி, எனக்குக் கதிரைப் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் கதையை வாங்கிப் புரட்டிவிட்டு அருள்மேரி கேட்பது ஒன்றுதான். "கதிர் எப்ப சார் அந்தப் பையங்கிட்ட போயி சொல்லப்போறான்?" அடுத்த மாதம் என்பேன். அடுத்த மாதம் பாலத்தைத் தகர்ப்பேன். அதற்கடுத்த மாதம் விஷப்புகை. மூன்று வருடத்தில் நான் கொன்ற வறளர்கள் கொஞ்சநஞ்சமல்ல. எல்லாம் கதிர் அந்தப் பையன் முன்னால் போய் நிற்காமல் இருப்பதற்காக. அவர் தெரிந்துதான் கேட்டாரா, கதைக்காகக் கேட்டாரா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் பயந்தேன். நான் கோழை.

அடக்கத்தன்று வாய் திறக்கவில்லை. எட்டாம் நாள் தேவதாஸ் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் கொத்தனார், வேலைக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார். பேச ஆரம்பித்ததும், "இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க சார், அந்தக் காது கேக்காது" என்று எனக்கு இடம் விட்டு நகர்ந்தார். வலது பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து சொன்னேன். கூரை, கல், சித்தப்பா தட்டியது, எல்லாவற்றையும். முழுதும் கேட்டுவிட்டு, "பாப்பாவுக்குத் தெரியுமா?" என்றார்.

"சொல்லலண்ணா."

விட்டார் ஒரு அறை. சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்து காய்ந்த கை. நாற்காலியோடு சாய்ந்து விழுந்தேன். கையை ஊனவில்லை, தலையைத்தான் பிடித்துக்கொண்டேன். அண்ணி உள்ளேயிருந்து ஓடிவந்தார். அதுவரை என்னை சார் என்றே கூப்பிட்ட அண்ணன், என் மேல் குனிந்து நின்றுகொண்டு சொன்னார்: "கல்லு வுட்டது சின்னப் பையன், அத வுடு. ஏழு வருசமா அதுங்கூட ஒக்காந்து டீ குடிச்சிக்கினு கீறியே. அது கண்ண மூடறதுக்குள்ள அதுங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல உனக்கு வாய் வரல?"

எழுந்து நாற்காலியை நிமிர்த்தி வைத்தேன்.

அருள்மேரியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்: அடிபட்டவன் முகத்தை முதலில் பார்ப்பது. அதற்கே எனக்கு ஓர் அறை தேவைப்பட்டது. எரிந்துகொண்டிருந்த கப்பலைக் கிழித்துப்போட்டுவிட்டு நேற்று புதிதாக எழுதினேன். கதிர் ஏரிக்கரையில் நடந்து வறளர் முகாமுக்குத் தனியாகப் போகிறான். காது கேட்காத அந்தப் பையனைத் தேடிக் கண்டுபிடித்து, நான்தான் என்கிறான். அடி வாங்குகிறான். மூன்று வருடமாக அருள்மேரி கேட்டுக்கொண்டிருந்த நான்கு பக்கம் முழுதாக என் கையில் இருக்கிறது. வரைய அவர் இல்லை.