பாலைவனத்தில் வைத்த நேர்த்தி

இம்மாகுலேற் விடுமுறை கேட்டு அழுதவள் அல்ல. கிடைத்த விடுமுறைக்குப் போகமாட்டேன் என்றுதான் லண்டன் ரெய்னர்ஸ் லேன் வீட்டில் அழுதாள். மகள் அனோஜினிக்கு மார்பில் ஒரு கட்டி. சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள், முடிவு இன்னும் வரவில்லை. அந்த நேரம் பார்த்தா அமெரிக்கப் பயணம்?

பயணம் கணவர் எட்வேட்டின் ஆசை. லண்டன் பாதாள ரயில் நிலையமொன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதருக்கு ரயில் என்றால் சோறு தண்ணி வேண்டாம். பாலைவனத்து நடுவில் பாழடைந்து கிடந்த பழைய ரயில்வே ஹோட்டல் ஒன்றை அழகாகப் புதுப்பித்திருக்கிறார்கள் என்று மகன் அதில் அறை பதிந்து கொடுத்திருந்தான்.

"நீங்கள் இஞ்ச இருந்து என்ர முகத்தைப் பார்த்துப் பார்த்து அழுறதுக்கு, போறதே நல்லது அம்மா," என்று அனோஜினியே பெட்டியை அடுக்கி அனுப்பிவிட்டாள்.

போய் இறங்கினால், அட கடவுளே, கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மரம் கிடையாது. வெயில் முகத்தில் அறைந்தது. இதற்குள் மனுசர் தங்குவார்களா? எட்வேட்டோ பெட்டிகளைக் கூட வாங்காமல், ஹோட்டலுக்குப் பின்னால் போன சரக்கு ரயிலைப் பார்க்க ஓடிவிட்டார்.

தனியே உள்ளே எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். குளிர்ந்த மண்சுவர், வளைவுகள், நிறக் கண்ணாடி யன்னல்கள், வரிசையாக உட்கார மர வாங்குகள், கதவுக்கு மேலே மரத்தில் செதுக்கிய அந்தோனியார். இது ஹோட்டல் என்று யார் சொன்னது? மன்னாரில் பிறந்தவளுக்குக் கோயிலுக்குள் செருப்போடு கால் வராது. வாசலிலேயே கழற்றி வைத்து, சால்வையைத் தலைக்கு இழுத்துவிட்டாள்.

சுவர் மாடம் ஒன்றில் ஆளளவு உருவம். கணுக்கால்வரை கறுப்புச் சட்டை, மேலே வெள்ளைத் துணி, குனிந்த தலை, எதையோ ஏந்துவதுபோல் நீட்டிய வெறுங்கைகள். எந்தக் கன்னியாஸ்திரியோ, எந்தப் புனிதையோ, அவள் அதை ஆராயவில்லை. முழங்காலில் விழுந்தாள். பாதத்தைத் தொட்டுச் சிலுவை போட்டு, தன் செபமாலையை அந்தக் கையில் மாட்டினாள்.

"தாயே, என்ர பிள்ளைக்கு ஒண்டுமில்லையெண்டு வரட்டும். உங்கட பேரில ஆக்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு குடுப்பன்."

நேர்த்திக்கடன் வைத்தவள் இன்னும் எழும்பக்கூட இல்லை, கைப்பையில் போன் அடித்தது.

"அம்மா," அனோஜினி விம்மினாள். "ஒண்டுமில்லையாம். கான்சர் இல்லையாம்."

"என்ர தாயே!" என்று இம்மாகுலேற் போட்ட சத்தத்தில் அங்கிருந்த வெள்ளைக்காரர்கள் கோப்பிக் கோப்பையோடு உறைந்து போனார்கள். ஓடிவந்த எட்வேட், வெறுங்காலோடு உருவத்தின் காலைக் கட்டிக்கொண்டு கதறும் மனைவியைக் கண்டதும் செய்தி கெட்டதென்றே நினைத்தார்.

"இம்மா! பிள்ளைக்கு என்ன?"

"ஒண்டுமில்லையாம்! சுகமாம்!"

மனிதர் வாங்கில் தொப்பென்று இருந்து குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதார்.

அப்போதுதான் ஹோட்டல் பெண் ஒருத்தி மினுக்கிய வெள்ளித் தட்டோடு வந்தாள். செபமாலையைப் பார்த்துத் திகைத்தாலும், தட்டை அந்தக் கைகளில் பக்குவமாக வைத்தாள். அந்தக் காலத்தில் ரயில் பயணிகளுக்கு இங்கே சாப்பாடு பரிமாறிய பெண்களின் நினைவாக வைத்த பொம்மையாம். ஒருத்தியின் பெயரும் இப்போது தெரியாதாம்.

இம்மாகுலேற் எட்வேட்டைப் பிடித்து உலுக்கினாள்.

"ஐயோ, இஞ்சாருங்கோ! சாப்பாடு பரிமாறின ஒரு வெயிற்றசுக்கெல்லோ நேர்த்தி வைச்சிட்டன்!"

எட்வேட்டுக்கு அழுகையோடு சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. "அது செல்லாது. மாலையைக் கழட்டிக்கொண்டு வாரும்."

அவள் கழற்றவில்லை. இருபது வருசம் பள்ளிக்கூடக் கிச்சினில் நின்று பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டவள் அவள். அந்த நிற்பில் போன முழங்கால் இன்றும் ஒத்துழைக்காது. தட்டோடு நிற்கும் அந்தப் பிள்ளையை நிமிர்ந்து பார்த்தாள்.

"வாக்குக் குடுத்தாச்சு," என்றாள். "செய்யத்தான் வேணும்."

லண்டன் திரும்பியதும் ஞாயிறு பூசைக்குப் பிறகு பங்குக் கோயில் மண்டபத்தில் சாப்பாடு. அந்த மண்டபத்தில் எந்த விருந்தென்றாலும் சமைத்துப் பரிமாறும் பெண்கள் கடைசியில்தான் சாப்பிடுவார்கள், மிஞ்சினால். அவர்களில் ஒருவரான டொலறஸ் அக்கா அன்றும் வழக்கம்போல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அகப்பையைத் தூக்கினார். இம்மாகுலேற் அதைப் பறித்தாள்.

"நீங்கள் இருங்கோ அக்கா. கிச்சின் ஆக்கள் எல்லாரும் முதல் பந்தி."

மண்டபம் வாயைப் பிளந்தது. பூசை வைத்த சுவாமியாரே தட்டோடு காத்து நின்றார்.

"உமக்கென்ன விசரே? எந்தப் புனிதருக்கு இப்பிடியொரு நேர்த்தி?" என்று கேட்டார் டொலறஸ்.

"பேர் தெரியாது அக்கா. நிண்டு சாப்பாடு குடுத்த ஒரு பிள்ளைக்கு," என்று சொல்லி இம்மாகுலேற் சோற்றைப் போட்டாள். டொலறஸ் சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மண்டபத்தில் அவருடைய தட்டில் ஆவி பறக்கச் சோறு விழுந்தது அன்றுதான்.