பீரங்கி இழுத்த மாடுகள்

எழுபதுகளின் கடைசியில் கல்முனையில் ஒரு பழைய புத்தகக் கடையில் அந்தப் போர் ஓவியத்தின் அச்சுப் படத்தை வாங்கினேன். சேற்றில் புதைந்த பீரங்கியை இரண்டு மாடுகள் இழுத்தன; தூரத்தில் குதிரைமேல் தளபதி. தொழுகிற வீட்டில் உருவப்படம் தொங்கக்கூடாது என்றார்கள் வீட்டிலுள்ளவர்கள். எறிய எனக்கு மனமில்லை. அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டினேன்.

மாவடிப்பள்ளியில் வேளாண்மை செய்த மச்சான், ராத்தாவின் கணவர், அதைக் கிழிக்கச் சொல்லத்தான் வந்தார். கதவைத் திறந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இந்த மாடு முழங்கால ஊண்டிட்டு. மத்த மாட்டுட கழுத்துலதான் இப்ப முழுப் பாரமும்,” என்றார். “கீறினவன் சேத்துக்குள்ள இறங்கின ஆள். பேரென்ன?”

படத்தின் கீழே தளபதியின் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. அதைக் கீறிய ஓவியரின் பெயர் எங்குமே இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று பூதக்கண்ணாடி ஒன்றை இரவல் வாங்கி அங்குலம் அங்குலமாகத் தேடினேன். மூன்றாம் நாள் அகப்பட்டது. முழங்காலூன்றிய மாட்டின் வயிற்றடியில், சேற்றின் நிறத்திலேயே, மிகச் சிறிய கையெழுத்து.

மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“ஓம். அவன் அங்கதான் நிண்டிருப்பான்,” என்றார்.