மேயர் யாக்கோபு தோண்டிய கிணறு

யாக்கோபுவை ஊரில் யாரும் யாக்கோபு என்று கூப்பிட்டதில்லை. மேயர் என்றுதான் பேர். மாரியூருக்குக் கிழக்கே, கடலோரமாக இருநூறு வீடு இருக்கிற செபஸ்தியார்புரத்துக்கு மேயர் எதற்கு என்று கேட்காதீர்கள், சொல்கிறேன். கொழும்பில் கப்பலேறிச் சமையல்காரராகப் போன மனிதர், யுத்த காலத்தில் நியூயார்க்கில் இறங்கி, அங்கே ஒரு ஓட்டலில் ஐந்து வருஷம் தட்டுக் கழுவிவிட்டு 1948-இல் ஊர் திரும்பினார். மற்றவர்கள் வெளிநாட்டிலிருந்து டிரங்குப் பெட்டியும் சென்ட்டும் கொண்டு வருவார்கள். இவர் அமெரிக்க மேயர்களைப் பற்றிய அபிப்பிராயங்களைக் கொண்டு வந்தார்.

ஓட்டலில் யாரோ போட்டுவிட்டுப் போன பேப்பர்களை எழுத்துக் கூட்டி வாசித்துச் சேர்த்த ஞானம் அது. சின்னச்சாமி டீக்கடையில் உட்கார்ந்தாரென்றால், பெரிய பட்டணங்களையெல்லாம் வரிசையாக நிறுத்தி, எந்த மேயர் முதல், எந்த மேயர் கடைசி என்று தீர்ப்புச் சொல்லுவார். ஒருத்தர் ஊரில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டியோடு தானும் ஓடுவாராம், அவர் முதல். இன்னொருத்தர் ஜெயிலுக்குள் போன பிறகும் நாற்காலியை விடவில்லையாம், அவர் கடைசி. பன்னிரண்டு வருஷம் இதே பேச்சு. கேட்கிறவர்கள் காது புளித்துப் போய், 1960-இல் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தபோது, "இம்புட்டுத் தெரிஞ்ச மனுசன் நம்மூர்ல இருக்கையில வேற எவன் நிக்கிறது?" என்று அவரையே போட்டியில்லாமல் தலைவராக்கிவிட்டார்கள். பாதி கேலி, பாதி நம்பிக்கை. மேயர் மட்டும் முழுசாக நம்பினார்.

ஊரில் நல்ல தண்ணீர் என்றால் கோயிலுக்குப் பின்னால் இருந்த ஒரே கிணறுதான். பன்னிரண்டு அடி ஆழம். சித்திரை, வைகாசியில் வீட்டுக்கு மூன்று குடம் தேறுவது பெரும்பாடு. பெண்கள் வாளியைப் போட்டுவிட்டு ஊறட்டும் என்று காத்திருப்பார்கள். மேயருக்கு இது பொறுக்கவில்லை. குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டவேண்டும், அதுதான் நல்ல மேயருக்கு அடையாளம் என்பது அவர் கணக்கு. பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்கு நடையாய் நடந்தார். கிணற்றை முப்பது அடிக்கு ஆழப்படுத்தி, ஆயில் என்ஜின் வைத்து இறைத்து, குழாய் போட அனுமதி வாங்கிவிட்டார். அவர் மனைவி அருள்மேரி ஒருநாள் கஞ்சி ஊற்றும்போது, "இந்தாங்க, அந்தக் கிணத்த ரொம்பத் தோண்டாதீக" என்று ஆரம்பித்தாள். "அமெரிக்காவுல..." என்று இவரும் ஆரம்பித்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள். பாவம், பன்னிரண்டு வருஷம் கேட்டவளாயிற்றே.

என்ஜின் ஓடிய முதல் நாள் வெடி போட்டுக் கொண்டாடினார்கள். குழாயில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. யூனியனிலிருந்து வந்த ஓவர்சியர் பார்த்தார், பிரமாதம் என்று எழுதிக்கொண்டார், போனார். பத்தாம் நாள் டீ கரித்தது. இருபதாம் நாள் பிள்ளைகள் துப்பினார்கள். மணலுக்குள் மழைத்தண்ணீர் மேலாக மெல்லிசாக நின்றது. அடியில் கிடந்தது கடல். என்ஜின் போட்டு உறிஞ்சிய உறிஞ்சலில் கடலே கிணற்றுக்குள் ஏறி வந்துவிட்டது. என்ஜினை நிறுத்திப் பார்த்தார்கள். பழைய ருசி திரும்பவில்லை.

பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் மணலில் நடந்து, மேட்டோரம் ஊற்றுத் தோண்டிச் தேங்காய்ச் சிரட்டையால் கோரி எடுக்கத் தொடங்கினார்கள். மேயரை யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அருள்மேரி மட்டும், நடக்க முடியாத நாட்களில் அந்தக் கிணற்றுத் தண்ணீரிலேயே கஞ்சி காய்ச்சி, உப்புப் போடாமல் வைத்தாள். போடவேண்டிய அவசியம் இல்லை. அவர் தலையைக் குனிந்து குடித்துவிட்டுப் போவார். டீக்கடைப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டார்.

அப்படி இருக்கையில்தான் யூனியன் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. வட்டாரத்திலேயே சிறந்த பஞ்சாயத்துத் தலைவர் யாக்கோபுதானாம். ஓவர்சியர் முதல் நாள் எழுதின எழுத்து ஒவ்வொரு மேசையாக ஏறி, கேடயமாகத் திரும்பி வருகிறது. மேயர் அந்தக் கடிதத்தை நாலு தரம் வாசித்தார். உண்மையைச் சொல்லவேண்டும், அவருக்கு ஆசையாகத்தான் இருந்தது. வாங்கிக்கொண்டால் என்ன? ஊர் எப்படியும் தன்னைக் குறை சொல்லத்தான் போகிறது. காகிதத்திலாவது நல்ல பேர் நிற்குமே. மூன்று நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

குடியரசு தினத்தன்று கோயில் முன்னால் பந்தல். யூனியன் ஆபீசர் மாலையும் கேடயமுமாக வந்தார். ஊற்றிலிருந்து குடத்தோடு திரும்பிக்கொண்டிருந்த பெண்கள், வேடிக்கை பார்க்க அப்படியே நின்றார்கள். இடுப்புக் குடத்தை இறக்கவில்லை. மேயர் எழுந்தார். கேடயத்துக்குக் கை நீட்டாமல், ஒரு செம்பை நீட்டினார்.

"வெயில்ல வந்திருக்கீக. மொதல்ல தண்ணி குடிங்கய்யா."

ஆபீசர் ஒரு வாய் குடித்தார். விழுங்க முடியவில்லை, கூட்டத்துக்கு நடுவில் துப்பவும் முடியவில்லை.

"நான் தோண்டுன கெணறுதான்யா. எழுதிக்கங்க" என்றார் மேயர். "இந்த ஊருக்கு இதவிடக் கேடு செஞ்ச தலைவன் கெடையாது. நானும் பன்னெண்டு வருசமா அந்த நாட்டு மேயர்கள நல்லவன், கெட்டவன்னு தரம் பிரிச்சேன். பேப்பர்ல பாத்துத்தான் பிரிச்சேன். அந்த ஊர்ப் பொம்பளைக ஒருத்திகிட்டயும் கேட்டதில்ல. இங்கனயும் கேக்கல."

ஆபீசர் வாயில் இருந்ததை எப்படியோ விழுங்கிவிட்டு, கேடயத்தில் பேர் வெட்டியாகிவிட்டது, திருப்பி எடுத்துப் போக முடியாது என்று மெதுவாகச் சொன்னார். மேசைமேல் வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மறுநாள் விடிந்ததும் மேயர் அருள்மேரியின் குடத்தை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். அந்த ஊரில் ஆம்பளை குடம் தூக்கி எவரும் பார்த்ததில்லை. வழியில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் சிரிக்கத் தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்கள். ஊற்றடியில் பெண்கள் பேச்சை விட்டுவிட்டு அவரையே பார்த்தார்கள். அவர் எங்கே உட்காருவது என்று தெரியாமல் வெயிலில் நின்றார். எல்லோருக்கும் முன்னால் வந்து வரிசை பிடித்திருந்த வேளாங்கண்ணி, கைக்குழந்தைக்காரி, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அவர் குந்தினார். சிரட்டையை ஊற்றுக்குள் அமுக்கினார்.

"அமுக்காதீகண்ணே, கலங்கிப்போகும்" என்றாள் அவள். "மேலாக்கக் கோருங்க. மெதுவாத்தான் நெறையும்."