எழுபத்திரண்டு கிராம்

போன வாரம் மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவுக்கு மாற்றலாகி வந்த அதிகாரி ஒருவர், டெலானிபூர் ஏற்றத்தைச் சைக்கிளிலேயே ஏறிவந்து, அதைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்கள் ஆபீஸ் மாடிக்கே கொண்டுவந்துவிட்டார். கார்பன் சைக்கிள். "ஒரு விரல்ல தூக்கிப் பாருங்க, ஏழு கிலோதான்" என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஆபீசே ஃபைலைப் போட்டுவிட்டு வரிசையில் நின்றது. என் முறை வந்ததும் நானும் ஆள்காட்டி விரலைக் குழாய்க்கு அடியில் கொடுத்துத் தூக்கினேன். குப்பென்று மீன் வாடை அடித்தது.

சிரிக்காதீர்கள். புத்தம்புது சைக்கிளில் மீன் வாடை எப்படி வரும்? எனக்கு வரும். சைக்கிளின் எடை என்றாலே எனக்கு ஜங்லிகாட் மீன் சந்தையின் கொக்கித் தராசுதான். சூரை மீனைத் தொங்கவிடும் அந்தக் கொக்கியில் நானும் ரெக்சனும் எங்கள் சைக்கிளைத் தொங்கவிட்டிருக்கிறோம். பன்னிரண்டு வருடம் இருக்கும். தராசுக்காரம்மா முள்ளைப் பார்த்துவிட்டு, "பத்து எண்ணூறு. செதில் சீவி, குடல் எடுத்துத் தரவா தம்பி?" என்பார். சுற்றி நிற்கிற பெங்காலி, தெலுங்கு ஆட்களுக்கு அதை இந்தியில் வேறு சொல்லிச் சிரிக்கவைப்பார். எங்களுக்குச் சிரிப்பு வராது. பத்துக்குக் கீழே இறங்க வேண்டும் என்பது ஒன்றுதான் கவலை.

ரெக்சன் தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். அவன் அப்பா ஜங்லிகாட்டில் ஒரு தகர ஷெட்டில் படகுகளுக்கு வெல்டிங் செய்துகொண்டிருந்தார். ரெக்சன் பத்தாவதில் தவறி, அப்பாவோடு ராடு பிடிக்கப் போய்விட்டவன். ஆறடிக்கு மேல் உயரம். நான் ஹட் பேயிலிருந்து கப்பலேறி வந்து, குட்வில் எஸ்டேட்டில் சித்தப்பா வீட்டில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஐந்தடி நான்கு அங்குலம், ஷூவோடு.

இலங்கைத் தேயிலை மலையிலிருந்து சின்னப் பிள்ளையாக வந்திறங்கிய என் அப்பா, ஹட் பேயில் எண்ணெய்ப் பனைக் குலை வெட்டியே முதுகு வளைந்தவர். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். ரெக்சன் எனக்கு வைத்த பெயர் பாமாயில். "ஏலே பாமாயிலு, வழுக்கி விழுந்துராத" என்று சந்தை நடுவில் கத்துவான். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அப்பாவின் உள்ளங்கையைப் பார்த்திருந்தால் அவனும் அந்தப் பெயரைக் கூப்பிட்டிருக்கமாட்டான் என்று நினைத்துக்கொள்வேன். சொன்னதில்லை.

எங்களுக்கு ரேஸ் சைக்கிள் வாங்க வக்கில்லை. அதனால் ஒரு சைக்கிளைக் கட்டினோம், இரண்டு பேருக்குமாக ஒன்று. வெளிநாட்டுப் பயணி ஒருவன் விட்டுப்போன மெல்லிய இரும்பு ஃப்ரேம் கபாடிக் கடையில், அதாவது பழைய இரும்புக் கடையில், துருப்பிடித்துக் கிடந்தது. உப்புக் காற்று அதன் வயிற்றில் ஓட்டை போட்டிருந்தது. ரெக்சனின் அப்பா பித்தளை உருக்கி அடைத்துக் கொடுத்தார். மற்ற பாகமெல்லாம் கப்பலில் வந்தன. உங்களுக்கு மெயின்லேண்டில் கூரியர் இருக்கிறது. இங்கே எங்களுக்கு ஆட்கள். யார் சென்னைக்குப் போனாலும் வீட்டு வாசலில் போய் நின்று லிஸ்ட் கொடுப்போம். கல்யாணத்துக்குப் போன ஒரு அக்கா ரிம் இரண்டையும் வாழைத்தார் மாதிரி துணி சுற்றிக் கொண்டுவந்தார். பிரேக் கம்பி முறுக்கு டப்பாவுக்குள் வந்தது. முதல் ஒரு வாரம் பிரேக் பிடித்தால் ஓமம் மணக்கும்.

எடைக் கணக்கு என் இலாகா. இன்டர்நெட் சென்டரில் உட்கார்ந்து இங்கிலீஷில் படித்து நோட்டில் எழுதிக்கொண்டு வருவேன். சின்னப் பாகங்களை மளிகைக் கடையின் எலக்ட்ரானிக் தராசில் வைப்போம். கடைக்காரர் பெங்காலி. "க்யா ரே, சைக்கிள் கா சப்ஜி பனாயேகா?" என்பார். சைக்கிளைக் கூட்டு வைக்கப் போகிறாயா என்று. நான் போல்ட்டு போல்ட்டாக நிறுத்து, "இதுல ஆறு கிராம் போகும், இதுல ஒம்பது" என்று அறிவிப்பேன். ரெக்சனின் அப்பா மறுபேச்சில்லாமல் துளை போடுவார். "படிச்ச பிள்ள சொல்லுது, போடுலே" என்று மகனையும் விரட்டுவார். என் வாழ்க்கையில் என் சொல்லுக்கு அப்படியொரு மரியாதை அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் இல்லை. வீட்டில் இப்போதும் தேங்காய் உடைக்கக்கூட என்னை நம்புவதில்லை.

அந்த வருடம் மெயின்லேண்ட் பயிற்சி முகாமுக்குத் தேர்வுப் போட்டி அறிவித்தார்கள். ஒவ்வொருவராகப் புறப்பட்டு, நேரம் பார்ப்பது. ஒரே ஒரு இடம். போய்வந்தால் சர்டிஃபிகேட், அது இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலை என்று பேச்சு. நான் முதலில் ஓட்டுவது, சைக்கிளைக் கைமாற்றுவது, ரெக்சன் கடைசி நம்பரில் ஓட்டுவது என்று ஏற்பாடு. பயிற்சியில் ஒரு நாள்கூட நான் அவனை முந்தியதில்லை. நாற்பது விநாடி, ஐம்பது விநாடி என்று பின்தங்கிக்கொண்டே இருந்தேன்.

"நீ ரெண்டாவதா வா பாமாயிலு, போதும்" என்றான் அந்த வாரம். "கப்பல் வரைக்கும் என் பைய தூக்கிட்டு வர ஆள் வேணும்லா?"

இருவருக்கும் உயரம் வேறு என்பதால் சீட் போஸ்ட்டில், அதாவது சீட்டைத் தாங்கும் அலுமினியக் குழாயில், இரண்டு டேப் ஒட்டியிருந்தோம். சிவப்பு எனக்கு. அதற்குக் கீழே கறுப்பு அவனுக்கு. கறுப்பு தெரியும்வரை குழாயை வெளியே இழுத்தால் அவன் உயரம். குழாயின் அடிப்பக்கத்தில் ஒரு கோடு வெட்டி, இங்கிலீஷில் இரண்டு வரி பொறித்திருக்கும். இந்தக் கோடு ஃப்ரேமுக்கு உள்ளேயே இருக்க வேண்டும், வெளியே தெரியும்படி உயர்த்தக் கூடாது என்று.

போட்டிக்கு முந்தைய நாள் மதியம். கடைசிப் பாகமான லேசான டயர்கள் சென்னைக் கப்பலில் யாரோ ஒருவர் கையில் வந்துகொண்டிருந்தன. கப்பல் தாமதம். ரெக்சன் ஹேடோ கப்பல் ஜெட்டியில் மழையில் நின்றுகொண்டிருந்தான். நான் ஷெட்டில் அவன் அப்பாவின் ஹேக்ஸா பிளேடால் சீட் போஸ்ட்டை அடியிலிருந்து நான்கு விரற்கடை அறுத்துக்கொண்டிருந்தேன். கோடும் எழுத்தும் அறுத்த துண்டோடு போயின. மளிகைக் கடையில் நிறுத்தேன். எழுபத்திரண்டு கிராம்.

சாயங்காலம் நனைந்து வந்தவனிடம் மறைக்கவில்லை. "உள்ள இருக்கிற அலுமினியம் சும்மா தூங்குது, அதான் வெட்டிட்டேன்" என்றேன்.

"எத்தன போச்சு?"

"எழுபத்திரண்டு."

"சபாஷ்லே!" என்று என்னைத் தூக்கிச் சுற்றினான். அவன் சட்டையிலிருந்து மழைத் தண்ணீர் என் முகத்தில் வழிந்தது.

என் உயரத்துக்கு அந்தக் குழாய் போதும். அவன் உயரத்துக்குப் போதாது. அவன் தாழ உட்கார்ந்து, முழங்கால் மடங்கி மிதித்து, ஒரு நிமிடம் இழப்பான் என்பது என் கணக்கு. நோட்டில் எழுதாத ஒரே கணக்கு அது. ஒரு நிமிடம்தான் வேண்டியிருந்தது எனக்கு. அவன் கையோ காலோ வேண்டியிருக்கவில்லை. இதைச் சொன்னால் என் மீது கொஞ்சம் இரக்கம் வருமோ என்று நினைத்துத்தான் சொல்கிறேன். வர வேண்டாம்.

மறுநாள் நான் ஓட்டி முடித்தேன். அதுவரை ஓட்டியவர்களில் என் நேரம்தான் குறைவு. மூச்சு வாங்கிக்கொண்டே சைக்கிளைக் கொடுத்தேன். ரெக்சன் குழாயைக் கறுப்பு டேப் வரைக்கும் இழுத்தான். உள்ளே ஒரு கட்டைவிரல் அளவுதான் மிச்சம். சீட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான்.

"ஏலே, லேசா ஆடுது. கொஞ்சம் எறக்கிருவமா?"

இறக்கியிருக்கலாம். அவன் ஒரு நிமிடம் இழந்திருப்பான், என் கணக்கும் பலித்திருக்கும். ஆனால் அவன் அப்பா பக்கத்திலேயே நின்று, அந்தக் கேள்விக்கு என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இறக்கு என்றால், வெட்டியது தப்பு என்று என் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"தாங்கும். கணக்குப் போட்டுத்தான் வெட்டுனேன்" என்றேன்.

"படிச்ச பிள்ள சொல்லுதுல்லா, ஏறுலே" என்றார் அவர்.

முதல் வளைவில் எழுந்து நின்று மிதித்தவன் திரும்ப சீட்டில் உட்கார்ந்தான். டப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். குழாய் ஃப்ரேமின் வாயைக் கிழித்துக்கொண்டு சீட்டோடு வெளியே வந்தது. அவன் வலது முழங்கை தார்ச்சாலையில் முதலில் இறங்கியது.

ஆஸ்பத்திரியில் அவனுக்கு நான்தான் ஆரஞ்சு உரித்து ஊட்டினேன். மூன்றாவது சுளையில் சொன்னான்: "உன் கணக்குல தப்பில்லலே. நான்தான் கனம்."

நான் நான்காவது சுளையின் கொட்டையை எடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த இடம் எனக்குக் கிடைத்தது. கிழிந்த ஃப்ரேமை ரெக்சனின் அப்பா எனக்காகப் பற்றவைத்து, நீலப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார். கப்பலுக்கு ரெக்சன் வந்தான். என் பையை இடது கையில் தூக்கிக்கொண்டு வந்தான். "மெயின்லேண்ட்காரனுவள ஒரு கை பாத்துட்டு வா பாமாயிலு." முகாமில் எல்லோரும் எட்டு கிலோ, ஒன்பது கிலோ வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் கடைசியாக வந்தேன் என்று பத்து நாளில் திருப்பி அனுப்பினார்கள். ஆனால் சர்டிஃபிகேட் கொடுத்தார்கள். அதுதான் இந்த வேலை, இந்த மேசை, இந்த டெலானிபூர் மாடி. ஹட் பேக்குப் போன் செய்து சொன்னபோது அப்பா, "சைக்கிள் ஓட்டுனதுக்கா வேல குடுத்தாங்க?" என்று மூன்று தடவை கேட்டார்.

ரெக்சனின் முழங்கை நீட்ட வரவில்லை. ராடு பிடித்தால் கை நடுங்கி, பற்று கோணலாக ஓடும். இரண்டு வருடம் பார்த்துவிட்டு மெயின்லேண்டுக்குப் போய்விட்டான். ஏதோ கடையில் நிற்கிறான் என்றார்கள். கொஞ்ச நாள் போனில் பேசுவான். அப்புறம் நம்பர் மாறிவிட்டது. நானும் தேடவில்லை.

அவன் போன பிறகும் ஷெட்டுக்கு நான் போவதுண்டு. ஒரு நாள் அவன் அப்பா கம்பி பிரஷ்ஷால் படகு ஆணியின் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிரஷ்ஷுக்குக் கைப்பிடி நான் அறுத்துப்போட்ட அந்த அலுமினியத் துண்டு. நல்ல சாமான், எறிய மனசு வரவில்லை என்று மாட்டியிருக்கிறார். வருடக்கணக்கில் அவர் உள்ளங்கைக்குள் இருந்தும் எழுத்து அழியவில்லை.

"தம்பி, இதுல என்னமோ போட்டிருக்கே, என்னது?" என்று வெளிச்சத்தில் நீட்டினார்.

வாங்கிப் பார்த்தேன். எழுத்துக் கூட்டிப் படிப்பது போலக்கூடக் கொஞ்ச நேரம் நடித்தேன்.

"கம்பெனி பேரு அங்கிள்."

"அதான பாத்தேன்" என்று வாங்கிக்கொண்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.

இப்போது அந்த ஷெட் இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது எடுத்துவிட்டார்கள். அவரும் ஊருக்கே திரும்பிப் போய்விட்டார். பிரஷ் பழைய இரும்போடு கபாடிக்குப் போயிருக்கும். நீல சைக்கிள் சித்தப்பா வீட்டுப் பின்பக்கத்தில் துருவாக உதிர்ந்து முடிந்தது. சந்தையில் கொக்கித் தராசைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் வைத்துவிட்டார்கள். என்னைப் பாமாயில் என்று கூப்பிட இந்தத் தீவில் ஒருத்தரும் மிச்சமில்லை.

விரலிலிருந்து சைக்கிளை இறக்கி வைத்தேன். அதிகாரிக்கு நான் தூக்கிய விதம் பிடித்திருக்க வேண்டும். "சைக்கிள் பத்தி விஷயம் தெரிஞ்சவர் மாதிரி இருக்கீங்களே" என்றார். "இந்த சீட் போஸ்ட் கொஞ்சம் நீளம். அடியில வெட்டினா எடை குறையும். நம்பி வெட்டக் குடுக்கிற மாதிரி இங்க யாராவது இருக்காங்களா?"

"இருந்தாங்க சார்" என்றேன்.